தொண்டு வெள்ளத்தில் மங்கிய கல்

சைனப் பீவியை நடத்தை கெட்டவள் என்று சொல்வதற்கு அவளுடைய மாமியார் வீட்டாரிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அது ஒரு மோதிரக் கல். கல்லுக்கு அப்படிச் சாட்சி சொல்லும் தகுதியைக் கொடுத்தவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவிலிருந்து திருவனந்தபுரம் போய்க் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் நாலாம் வகுப்பைத் தாண்டியதில்லை. இதை என் குற்றத்துக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு தலைக்கனம் இருந்திருக்கும் என்பது விளங்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சைனப் குளச்சல்காரி. அவளுடைய வாப்பா கருவாட்டு வியாபாரத்துக்காகக் கொல்லம் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். உம்மா ஓலைப்பெட்டி முடைந்து மகளை வளர்த்தாள். குர்ஆன் ஓதப் போன இடத்தில் சைனப், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழை நன்றாகப் படித்துக்கொண்டாள். கடிதம் வந்தால் யாருடைய தயவும் இல்லாமல் தானே வாசிப்பாள், பதிலும் எழுதுவாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து தங்குவது உண்டு. சைனபின் வீட்டில் இருந்தது ஓர் அறை. அதிலும் பாதிக் கூரை பறந்திருந்தது. ஆகவே 1929-இல் நிக்காஹ் முடிந்ததும் அவள்தான் எங்கள் ஊருக்கு வந்தாள்.

மாப்பிள்ளை செய்யது அலி கொழும்பில் ஒரு ரத்தினக் கடையில் கல் தீட்டும் வேலை பார்த்தான். அவனுடைய உம்மா ஹலீமா பீவிக்குக் காயலோரத்தில் சொந்தமாக ஆறு தொண்டுக் குழிகள் இருந்தன. தொண்டு என்பது தேங்காய் மட்டை. அதை எட்டு மாதம், பத்து மாதம் உப்புத் தண்ணீரில் அழுகப் போட்டு, எடுத்து, தடியால் தல்லி, நாராக்கிக் கயிறு திரிக்கும் தொழில். மருமகள் வந்த பத்தாம் நாளே குழியில் இறங்கினாள். அவளோடு அக்கரையிலிருந்து தோணியில் வரும் தாணம்மாள் என்ற கூலிப்பெண்ணும் இறங்குவாள். இடுப்பளவு கறுத்த தண்ணீர், எங்கள் பேச்சில் வெள்ளம். நாற்றம் தெரு முனைவரை வரும். குழிகள் வீட்டுப் பின்சுவருக்கும் காயலுக்கும் நடுவே இருந்தன. தெருவிலிருந்து ஒரு ஆண்பிள்ளை அங்கே போகவேண்டுமானால் ஹலீமா பீவியின் முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுக்களை வழியாகத்தான் போகமுடியும். காயல் பக்கமோ தோணித் துறையின் கண்பார்வையில் திறந்து கிடந்தது. பிற்பாடு சைனப்மேல் பழி சொன்னவர்களில் ஒருவருக்கும் இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை.

1930 கோடையில் செய்யது அலி மூன்று மாத விடுப்பில் வந்தான். பெண்டாட்டிக்கு ஒரு மோதிரமும் அக்காள் மைதீன்பாத்துக்கு ஒரு பதக்கமும் கொண்டுவந்தான். இரண்டிலும் ஒரே சாதிக் கல். கறுப்பு நிறத்துக்குமேல் பச்சை, நீலம், தணல் சிவப்பு. விரலை அசைத்தால் பச்சை இருந்த இடத்தில் சிவப்பு வந்தது. சிவப்பைத் தேடினால் அது வேறு மூலையில் இருந்தது. எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒரு கல்லைக் கண்டதில்லை.

ஹலீமா பீவி கேட்டாள்: “இது என்ன கல்லு மக்கா? மாணிக்கமுமில்ல, மரகதமுமில்ல. மயிலுக்க கழுத்தப் பிடிச்சு அடைச்சு வச்சதுபோல இருக்கு.”

“ஓப்பல், உம்மா. ஆஸ்திரேலியாவுல மண்ணைத் தோண்டி எடுக்கது. சீமைக்குப் போற கப்பல் கொழும்புல நிக்கும்லா, அதுல வரும். வெவரமெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. இங்கிலீசு. நம்ம பியேகாரனக் கூப்பிடுங்க, வாசிச்சுச் சொல்லட்டும்.”

நான் இன்னும் பி.ஏ. ஆகியிருக்கவில்லை. தெரு அதற்குள்ளாகவே எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அது ஒரு கடைச் சீட்டு. உள்ளங்கை அகலம். முன்பக்கம் பூவேலைக்கு நடுவே, இந்தக் கல் வானவில்லைத் தனக்குள் அடக்கியது என்றும், அணிபவள் மனம் மாறாதவரை இதன் சுடர் மாறாது என்றும் அச்சிட்டிருந்தது. சரக்கு விற்பதற்காகக் கடைக்காரன் சொல்லும் பேச்சு. கூடம் நிறைய ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனம் மாறுவது என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். குரலை உயர்த்திச் சொன்னேன்: “போட்டிருக்குத பெண்ணுக்க கற்பு கெட்டா இந்தக் கல்லு ஒளி கெட்டுப் போவும்.”

“படச்ச றப்பே!” என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இன்றும் நினைவிருக்கிறது.

மைதீன்பாத்து பதக்கத்தைக் கையில் மூடிக்கொண்டாள். “எனக்கும் இதையா கொண்டு வந்தே? எனக்க கல்லும் ஒளி கெடுமாலே?”

அவள் புருஷன் ஜலாலுதீன் சிரித்தான். “நீ பெட்டியில வச்சுப் பூட்டு. பெட்டிக்கு ஏது கற்பு?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து சைனபின் குரல் வந்தது. “மாமி, அந்தத் தம்பிட்ட ஒண்ணு கேளுங்க. நான் பகலு முச்சூடும் வெள்ளத்துல நிக்கியவ. இதுல வெள்ளம் படலாமா?”

கேட்கவேண்டிய ஒரே கேள்வியை அந்தக் கூட்டத்தில் கேட்டவள் அவள்தான். சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. முதல் வரியிலேயே எனக்குத் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல். அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சீட்டை மடித்துச் செய்யது அலியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: “கல்லுக்கு வெள்ளம் என்ன செய்யும் லாத்தா? ஒண்ணும் செய்யாது.”

அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கல் தீட்டுகிறவன். அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

செய்யது அலி கப்பலேறிப் போனபோது சைனபுக்கு இரண்டு மாதம். மகள் ஷாஜிதா பிறந்தாள். அவன் வரவில்லை, கடிதம் வந்தது. ‘மோதிரத்தின் நிறம் எப்படி இருக்கிறது’ என்று கேட்டிருந்தான். அடுத்த கடிதத்திலும் கேட்டான். பிள்ளைக்குப் பல் முளைத்ததை அவள் எழுதினால், அவன் கல்லுக்குச் சுகம் கேட்டு எழுதுவான். ஹலீமா பீவி இன்னும் ஒரு படி மேலே போனாள். மோதிரத்தை எந்த நேரமும் கழற்றக் கூடாது என்று உத்தரவு போட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் போன பிறகு, மருமகளை முற்றத்து வெயிலில் நிறுத்தி, கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கல்லைப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் சைனப் அதே கையோடு தொண்டுக் குழிக்குள் இறங்கவேண்டும்.

தாணம்மாள் ஒருநாள் சொன்னாளாம்: “எங்க ஊருல பசு சினையான்னு பாக்கதுக்குத்தான் இப்பிடித் திருப்பிப் பாப்பாவ.” சைனப் சிரித்திருக்கிறாள். பிறகு அழுதிருக்கிறாள்.

இரண்டாம் வருடம் கல்லின் ஓரத்தில் ஒரு வெண்மை தோன்றியது. சோற்றுக் கஞ்சி காய்ந்ததுபோல. அது மெள்ள மெள்ள உள்நோக்கி நகர்ந்ததை ஹலீமா பீவி வெள்ளிக்கிழமை தோறும் பார்த்திருப்பாள். முதலில் பச்சை போயிற்று. பிறகு நீலம். கடைசியாக நடுவில் ஒரு மிளகளவு சிவப்பு மட்டும் நின்றது. அதுவும் ஒரு மழைக்காலத்தில் அணைந்துபோனது. சைனப் விரலில் துணி சுற்றிக்கொண்டாள். கயிறு அறுத்துவிட்டது என்றாள். ஒரு வாரம் அந்தச் சாக்கு செல்லும். எத்தனை வாரம் செல்லும்?

ஹலீமா பீவி துணியை அவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுதும் ஒன்றும் சொல்லவில்லை! இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அந்தக் கல் உண்மை சொல்கிறது என்று அவள் நம்பியிருந்தால், அன்றைக்கே கூக்குரலிட்டிருக்கவேண்டும். அந்த வருடம் கயிற்றுக்கு நல்ல கிராக்கி. கற்பு கெட்டவள் தல்லிய நாரும் நல்ல நார்தான் போலிருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அவளைவிட யோக்கியன் இல்லை. கல்லூரியில் கடைசி வருடம், ரசாயனப் பாடத்துக்காகப் புத்தகசாலையில் கனிமங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டும்போது ஓப்பல் என்ற தலைப்பைக் கண்டேன். ஒரு மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்து படித்தேன். மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே சிலிக்காதான் ஓப்பல். ஆனால் மற்ற ரத்தினங்களைப்போல் அது பளிங்காக உறையவில்லை. பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரிலிருந்து பாகுபோல இறுகி வந்தது. நூற்றில் ஆறு பங்கோ பத்துப் பங்கோ தண்ணீர் அதற்குள்ளேயே இருக்கும். சூடு காட்டினால் வெடித்துவிடும். வைரம்போல உறுதி கிடையாது. அதில் தெரியும் நிறங்கள் எதுவும் அதில் இல்லை. உள்ளே இருக்கும் நுணுக்கமான அமைப்பில் வெளிச்சம் பட்டுப் பிரிகிறது, அவ்வளவுதான். முன்காலத்தில் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்ததாம். இப்போது ஆஸ்திரேலியாவின் வறண்ட பாலையில் குழி வெட்டி எடுக்கிறார்களாம்.

அந்தக் கல்லைப் பற்றி மனிதர்கள் சொல்லிவைத்த கதைகளையும் அந்தப் புத்தகம் கொடுத்திருந்தது. ரோமாபுரியில் ஒரு பிரபு தன் ஓப்பலை அதிகாரத்திலிருந்தவனுக்குக் கொடுக்க மனமில்லாமல் நாட்டைவிட்டே ஓடினானாம். பிறகு ஒரு காலத்தில் அது திருடர்களின் கல். கையில் வைத்திருப்பவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். இன்னொரு காலத்தில் கண்நோய்க்கு மருந்து. சொந்தக்காரன் செத்தால் ஒளி மங்கும் என்று ஒரு கூட்டம். போன நூற்றாண்டில் சீமையில் அது கேடு கொண்டுவரும் கல் என்று ஒரு பேச்சுக் கிளம்பி, அதன் விலையே விழுந்துவிட்டதாம். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரனும் எங்கள் தெருவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சிரிப்பு நின்றது. அங்கே அந்தச் சொல் இருந்தது: டப்லெட். இரண்டு வருடத்துக்கு முன் நான் மடித்து மறைத்த சொல். தாளளவு மெல்லிய ஓப்பல் சீவலை, மலிவான கறுப்புக் கல்லின்மேல் பசையால் ஒட்டிச் செய்வதற்கு அந்தப் பெயர். பார்வைக்கு விலை உயர்ந்த கறுப்பு ஓப்பல்போலவே இருக்கும். தண்ணீரில் கிடந்தால் பசைக்குள் ஈரம் இறங்கும். ஓரத்திலிருந்து வெளுத்து, முழுக்க மங்கிவிடும்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். சைனப் கையில் துணி சுற்றியிருப்பதாக உம்மா சொன்னாள். போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொன்னால், அன்றைக்கு வாசிக்கத் தெரியாமல் மடித்துக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டி வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். விடுமுறை முடிந்தது, திரும்பிப் போய்விட்டேன். பரீட்சை எழுதினேன். தேறினேன். எங்கள் வீட்டில் நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தார்கள்.

1933 ஆனி மாதம் சைனப் மாமியாரிடம், இனிமேல் குழியில் இறங்க உடம்புக்கு முடியவில்லை, உம்மாவோடு போய் இருக்கப்போகிறேன் என்று சொன்னாள். கால் இரண்டும் புண்ணாகியிருந்தது.

“போ. யாரு தடுத்தா?” என்றாள் ஹலீமா பீவி.

“ஷாஜிதாவயும் கொண்டு போறேன் மாமி.”

அந்தக் குழந்தையை ஹலீமா பீவி தரையில் விட்டதில்லை. ஒரே மகனின் ஒரே பிள்ளை. மகனோ வருவதில்லை. அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆசைக்காக அவள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்ததை அன்று சாயங்காலம் தெருவில் இறங்கிச் சொன்னாள். கல் செத்துவிட்டது, மருமகள் கெட்டவள், கெட்டவளிடம் என் மகன் பிள்ளையை விடமாட்டேன்.

எங்கள் மார்க்கச் சட்டப்படி, விவரம் தெரியும் வயதுவரை பெண்குழந்தை உம்மாவோடுதான் இருக்கவேண்டும். உம்மா நடத்தை கெட்டவளாக இருந்தால் மட்டும் அந்த உரிமை இல்லை. இந்த ஒரு விதிவிலக்கில்தான் அவர்கள் கையை வைத்தார்கள். சைனபுக்குப் புருஷன் போனாலும் கவலையில்லை, வீடு போனாலும் கவலையில்லை. மகள் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் தோணித் துறையில் தாணம்மாள் என்னை மறித்தாள். தலையில் நார்க்கட்டு. இறக்கி வைக்கவில்லை.

“நீருதான அந்தத் தாள வாசிச்ச ஆளு?”

“ஆமா.”

“சைனபு ஒண்ணு சொல்லிவிட்டா. ‘அந்தத் தாளுக்க பொறத்த என்னமோ எழுத்து இருந்து. தம்பி அத வாசிக்காம மடக்கினத நான் கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். அதுல என்ன இருந்துன்னு நாளைக்குச் சொல்லணும்.’ இதுதான் அவ சொன்னது. நான் சொல்லது இன்னொண்ணு. சொல்லட்டா?”

“சொல்லுங்க.”

“நான் எழுத்து அறியாதவ. ஆனா எனக்குத் தெரியாதத தெரியாதுன்னு சொல்லுவேன். அதுக்கு ஒமக்க திருவனந்தரத்துல என்ன பாடமும் கிடையாதா?”

நார்க்கட்டோடு நடந்து போய்விட்டாள். சைனப் மூன்று வருடமாக அதை அறிந்திருக்கிறாள். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? படித்தவனா, குழியில் நிற்கிறவளா?

கூட்டம் ஹலீமா பீவியின் கூடத்தில் நடந்தது. முப்பது பேர் இருக்கும். பள்ளிவாசல் கத்தீபு நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால். பிள்ளை ஷாஜிதா மட்டும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். ஹலீமா பீவி பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து மருமகன் கையில் கொடுத்தனுப்பினாள். அவளுடைய சாட்சியே அதுதானே.

ஜலாலுதீன் என்னிடம் நீட்டினான். “வாசி பியே. அன்னைக்கு வாசிச்சத அப்பிடியே வாசி.”

எழுந்து நின்று வாசித்தேன். முன்பக்கத்தில் மனம் என்றுதான் இருக்கிறது, கற்பு என்பது நான் சேர்த்துச் சொன்னது என்றேன். கூடம் சலசலத்தது. பின்பக்கத்தைத் திருப்பினேன். இது ஒட்டுக் கல். தண்ணீர், எண்ணெய், சவுக்காரம், சூடு எதுவும் படக்கூடாது. பட்டு மங்கினால் கடை பொறுப்பேற்காது. இதை அன்றைக்கு நான் வாசிக்கவில்லை, எனக்குப் புரியவில்லை, அதை மறைத்தேன் என்றும் சொன்னேன்.

ஜலாலுதீன் எழுந்தான். “அன்னைக்கு ஒண்ணு வாசிச்சான். இன்னைக்கு ஒண்ணு வாசிக்கான். நாளைக்கு இன்னொண்ணு வாசிப்பான். நமக்கா தெரியும் இங்கிலீசு? நான் கேக்கது வேற. இந்த வீட்டுப் பெண்ணுக்க காரியத்துல இவனுக்கு இப்ப திடீர்னு என்ன இவ்வளவு அக்கறை?”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. கல் சொன்ன பழிக்கு இதுவரை இல்லாதிருந்த ஒன்று, ஒரு ஆணின் பெயர், அந்த நொடியில் கிடைத்துவிட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்று, அவனைப் பார்த்து, இந்த வீட்டு அடுக்களையைத் தாண்டி எந்த ஆண் குழிக்குப் போகமுடியும் என்று கேட்டிருக்கவேண்டும். உட்கார்ந்துவிட்டேன். ஆம், உட்கார்ந்துவிட்டேன். வாப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் தொட்டது நான் உட்கார்ந்த பிறகு.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சைனபின் குரல் வந்தது. உரக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“கத்தீபு சாகிபு, நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு மோளே.”

“மைதீன்பாத்து மைனிக்க மாலையில கெடக்க பதக்கமும் இதே கல்லுதான். ஒரே கடை, ஒரே கப்பலு. மூணு வருசமாப் பெட்டியில இருக்கு, இன்னைக்குத்தான் கழுத்துல ஏறியிருக்கு. இப்பவும் பச்சையும் செவப்புமா மின்னுது. அதக் கழத்தித் தரச் சொல்லுங்க. நான் நின்ன குழியில நாப்பது நாளு கெடக்கட்டும். குழிக்குக் கத்தீபே ஆளு காவல் வையுங்க. மைனி நல்லவதான், அது எனக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியுமான்னு பாப்போம்.”

ஹலீமா பீவி பதறிக்கொண்டு சொன்னாள்: “தங்கத்துல கெட்டுன சாமானத்த அழுக்கு வெள்ளத்துல போடவா? கல்லு கெட்டுப் போவாதா பெண்ணே?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

“எது கெட்டுப் போவும் மாமி?” என்று சைனப் கேட்டாள். “கல்லா, மைனியா?”

பின் வரிசையில் ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே மைதீன்பாத்து கதறினாள்: “நான் தரமாட்டேன்! எனக்க மாலைய யாரும் தொடப்படாது! நாளைக்கு வெளுத்துப் போனா என்னையும் இதே கூடத்துல வச்சுக் கேப்பிய!”

“எனக்க பெண்டாட்டிக்க சாமானத்தக் குழியில போட ஒருத்தியும் சொல்லாண்டாம்,” என்று ஜலாலுதீன் கத்தினான்.

“ஏன் வேய்?” என்றார் அந்தக் கிழவர். “கற்பு உண்டுமானா பேடிச்சு நடுங்கது எதுக்கு?”

அவன் உட்கார்ந்தான். கதவின் ஓரத்தில் ஒரு கை வெளியே வந்தது. சைனபின் கை. அந்தக் கூட்டத்தில் அவளுடைய உடம்பில் எல்லாரும் கண்டது அது மட்டும்தான். நகமெல்லாம் கறுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை தோல் உரிந்து வெளுத்திருந்தது. வீங்கிய விரலில் பூஞ்சைக் கண்போல அந்தக் கல்.

“இந்தக் கையப் பாருங்க,” என்றாள். “தோலே இப்பிடி ஆயிருக்கு. கல்லு மட்டும் எப்பிடி இருக்கணும்ணு நினைக்கிய?”

கத்தீபு தொண்டையைக் கனைத்தார். ஒரு பெண்மேல் இப்படிப் பழி சொல்லுகிறவன் கண்ணால் கண்ட நாலு சாட்சிகளைக் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் பழி சொன்னவனே குற்றவாளி, கல்லும் தாளும் சாட்சியாகாது என்று சொன்னார். பிள்ளை உம்மாவோடு போகலாம் என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எல்லாருக்கும் அந்தச் சட்டம் அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல!

கலைந்து போகும்போது கத்தீபைப் பிடித்துக் கேட்டேன். “நாலு சாட்சி வேணும்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்தானே? ஏன் அப்பவே சொல்லல?”

“ஊரு தானா ஒரு முடிவுக்கு வரட்டும்ணு பாத்தேன் மக்கா. ஹலீமா பீவி நம்ம பள்ளிக்கு எவ்வளவோ செய்யக்கூடிய ஆளு.”

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதி என்ன பயன்? நாலு சாட்சியைப் பற்றி நானும்தான் ஓதியிருக்கிறேன். முப்பது பேரில் ஒருவனாக நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டின் அடுக்களை வழியாகத்தான் குழிக்குப் போகவேண்டும் என்பது எனக்கும்தான் தெரியும்.

சைனப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். ஹலீமா பீவி ஓடிவந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்குப் பிள்ளையப் பாக்காண்டாமா மோளே? நான் எப்பிடி இருப்பேன்?”

சைனப் காலை விடுவித்தாள். அவசரமாக இழுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். “வெள்ளிக்கிழமை தோறும் எனக்க கையப் பாத்தியளே மாமி. அதுபோல வெள்ளிக்கிழமை தோறும் குளச்சலுக்கு வந்து பிள்ளையப் பாருங்க. நான் கதவடைக்க மாட்டேன்.”

ஹலீமா பீவி போனாள். நான் அறிந்தவரை ஒரு வெள்ளிக்கிழமையையும் அவள் தவறவிடவில்லை. காளைவண்டியில் வருவாள், பேத்தியை மடியில் வைத்துக்கொள்வாள், மருமகளிடம் பேசமாட்டாள். சைனப் அவளுக்குச் சோறு போடுவாள், பேசமாட்டாள்.

மோதிரத்தை எண்ணெய் போட்டு, நூல் சுற்றி, தாணம்மாள்தான் கழற்றினாள். குளச்சலில் ஒரு தட்டான் அதை விலைக்கு எடுத்தான். குறட்டால் கல்லை நெம்பியபோது அது இரண்டாகப் பிரிந்து விழுந்தது. மேலே மீன் செதிளைவிட மெல்லிய ஒரு சீவல், கீழே ஒரு கறுப்புத் துண்டு. இரண்டையும் உமியோடு தள்ளிவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்தான். கல்லுக்கு என்ன தருவீர் என்று சைனபின் உம்மா கேட்டாளாம். “கல்லா? அது எங்க இருக்கு?” என்றானாம். அந்தப் பணத்தில் கூரைக்கு ஓலை வாங்கி மேய்ந்தார்கள்.

செய்யது அலிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒட்டுக் கல் என்று தெரிந்தே கொடுத்தாயா, நான் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று சொன்னபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். பதில் இல்லை. அவன் திட்டம் போட்டுச் செய்தானா, அல்லது மலிவான சாமானம் என்று வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று வெட்கப்பட்டானா, எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால் அவனும் நானும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். அப்படி இருக்கக்கூடாது என்று விரும்புகிறேன். விரும்புவதற்கு எனக்கு என்ன உரிமை?

ஐப்பசியில் ஒருநாள் குளச்சலுக்குப் போனேன். சைனபும் அவள் உம்மாவும் வாசலில் உட்கார்ந்து பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். கையில் புண் ஆறியிருந்தது. நான் நின்றுகொண்டே, மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன்.

அவள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மன்னிச்சுட்டேன்னு சொன்னா தம்பிக்கு ராத்திரி ஒறக்கம் வரும். அதுக்குத்தான வந்திய?”

“இல்ல லாத்தா...”

“அன்னைக்கு அவரு ஒரு வார்த்த சொன்னதும் உக்காந்தியளே. அத நான் இடுக்கு வழியாப் பாத்தேன். தாள மடக்கினதக்கூட விட்டுருவேன். அது சின்னப் பிள்ளப் புத்தி. உக்காந்தத விடமாட்டேன்.”

போய்விடலாம் என்று திரும்பியபோது தபால்காரர் வந்தார். கொழும்புக் கடிதம். சைனபின் உம்மா மாரில் கைவைத்துக்கொண்டு, “தம்பி, வாசிச்சுச் சொல்லுங்க,” என்று சொல்லி, தபால்காரரிடம் என்னைக் கைகாட்டினாள்.

“அது எனக்குத் தெரிஞ்ச எழுத்து,” என்று சைனப் எழுந்து வாங்கிக்கொண்டாள். உறையைக் கிழித்து, நின்றபடி வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டு வேறு தாள் இருக்கிறதா என்று தேடினாள்.

“என்னட்டி? என்ன எழுதியிருக்கான்?”

“தலாக் சொல்லிட்டாரு உம்மா. மூணும் சொல்லிட்டாரு.”

உம்மா ‘அல்லா’ என்று தரையில் உட்கார்ந்தாள். ஷாஜிதா முடைந்துவைத்த பெட்டி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, யார் கண்ணுக்கும் தான் தெரியவில்லை என்ற நினைப்பில் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். சைனப் அவளையே பார்த்தாள்.

“பிள்ளையப் பத்தி ஒண்ணும் எழுதல,” என்றாள்.

கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஓலையை எடுத்தாள்.